இலையை எடுத்த மதினி

எங்கள் மதினிக்கு உறவுக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'கை குறுகினவள்'. நேரில் யாரும் சொன்னதில்லை. ஆனால் எங்கள் உறவில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், பரிமாறுகிறவர் கொஞ்சம் தயங்கிவிட்டால் போதும், "என்னப்பா, வெங்காய மண்டிக்காரர் வீட்டு மருமக மாதிரி போடுற?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்த வரிசையே சிரிக்கும்.

என் அண்ணனின் மனைவி அவர். ஐம்பதுகளின் தொடக்கத்தில், பழனிக்குப் பக்கத்திலிருக்கும் பாலசமுத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ வந்தார். நான் அப்போது படிப்பை முடித்துவிட்டு அப்பாவோடும் அண்ணனோடும் மண்டியில் உட்கார ஆரம்பித்திருந்தேன். மதினி சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. அவர்கள் ஊர் வழக்கப்படி எல்லாருக்கும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார். வாசலை அடைத்துக்கொண்டு நின்ற பசுமாட்டிடம் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்று அவர் சொன்னதை அண்ணன் மண்டி முழுக்கச் சொல்லிச் சிரித்தார். அவ்வளவு மரியாதைக்காரர், சோற்றுக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டால் மட்டும் யாருக்கும் அசையமாட்டார்.

சோறு கொஞ்சமாகத்தான் விழும். அதைச் சுற்றி இலை கொள்ளாமல் வெஞ்சனம் இருக்கும். முருங்கைக்கீரை, அவரைக்காய், சுரைக்காய், கொள்ளுத் துவையல் என்று நாளுக்கு ஒன்றாக மாறும். "சோத்துக்கு வெஞ்சனம் இல்லைங்க தம்பி, வெஞ்சனத்துக்குத்தான் சோறு" என்பார். பரிமாறும்போது அவர் கண் இலையில் இருக்காது, சாப்பிடுகிறவர் முகத்தில் இருக்கும். பசிக்குக் கேட்கிற முகம் எது, ஆசைக்குக் கேட்கிற முகம் எது என்று அவருக்குத் தெரியும். பசிக்குக் கேட்டால் மறு பேச்சில்லாமல் போடுவார். ஆசைக்குக் கேட்டால் கரண்டி பாத்திரத்தை விட்டு வராது. "சித்த நேரம் கழிச்சுக் கேளுங்க, போடறேன்" என்பார். அப்படிக் கழித்துக் கேட்ட ஆள் ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் இது சின்னக் குற்றமில்லை. அம்மாவின் கை அப்படிப்பட்ட கை. பிள்ளைகள் மேல் வைத்திருக்கும் பிரியம் இலையில் குவிந்து தெரியவேண்டும் அவளுக்கு. காலையில் நெய் மிதக்கிற பொங்கல். வெயில் ஏறும்போது மண்டிக்கு வடையும் காபியும் வரும். மதியத்துக்கு அடுக்குத் தூக்கில் சோறும் கறிக்குழம்பும் வறுவலும் ஆள் கொண்டுவருவான். சாப்பிட்டுவிட்டு அங்கேயே திண்டில் சாய்ந்து ஒரு தூக்கம். சாயங்காலம் காரச்சேவும் அல்வாவும், ராத்திரி மறுபடி சோறு. மூட்டை தூக்குவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். நாங்கள் விலை மட்டும் சொல்வோம். உடம்பில் வாய்க்குத் தவிர வேறு எதற்கும் வேலை கிடையாது.

பெரியப்பா முதலில் போனார். அடுத்து சித்தப்பாவுக்குச் சர்க்கரை வியாதியில் காலை எடுத்தார்கள். எடுத்தும் பிழைக்கவில்லை. மதினி வந்த மறு வருஷம் அப்பா. மண்டியில் சாப்பிட்டுவிட்டுத் திண்டில் சாய்ந்தவரை, வெங்காய லாரி வந்ததும் அண்ணன் எழுப்பப் போனார். எழுந்திருக்கவில்லை. மூன்று பேரில் ஒருவர்கூட நாற்பத்தைந்தைப் பார்க்கவில்லை.

பெரியம்மா, சித்தி, அம்மா என்று ஒரே வீட்டில் மூன்று வெள்ளைச் சேலைகள் ஆயின. காலையில் மூன்றும் கொடியில் பக்கத்தில் பக்கத்தில் காயும். குடும்பத்தில் ஏதோ சாபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அம்மா கோயில் கோயிலாக நேர்ந்துகொண்டாள். மதினி சாபத்தைப் பற்றி எதுவும் பேசியதில்லை. ஒரு நாள் கொடியிலிருந்து துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே, பக்கத்தில் நின்ற என்னிடம், "தம்பி, இந்த வீட்ல சமைச்சவங்க எல்லாரும் நல்லா இருக்காங்க. சாப்பிட்டவங்கதான் இல்லைங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் யோசித்துப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் விடிந்ததிலிருந்து தண்ணீர் இறைப்பார்கள், மாவாட்டுவார்கள், நெல் குத்துவார்கள். ஆண்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சம் மீதியை மோர் ஊற்றித் தின்பார்கள். கறி அவர்கள் பங்குக்கு வரும்போது குழம்பு மட்டும்தான் இருக்கும். பெரியம்மாவுக்கு ஒரு தலைவலி வந்து நான் பார்த்ததில்லை.

அப்பா போன துக்கத்தில் அம்மா வெகுகாலம் அடுப்படிப் பக்கம் வரவில்லை. அந்த இடைவெளியில் மதினி சமையலைக் கையில் எடுத்துக்கொண்டார். ஒரேயடியாக எதையும் மாற்றவில்லை. முதலில் ராத்திரிச் சோற்றை நிறுத்திவிட்டுக் கம்மங்கஞ்சியோ கேப்பைக் களியோ கொடுத்தார், அதையும் விளக்கு வைப்பதற்கு முன்னால். அப்புறம் மண்டிக்குப் போகிற அடுக்குத் தூக்கு நின்றது. கொண்டுபோகிற ஆளுக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அண்ணனும் நானும் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்து வந்து, நடந்து திரும்பவேண்டியதாயிற்று. வெயிலில் நடந்து போனபின் திண்டில் சாய்ந்தாலும் தூக்கம் வராது.

அண்ணன் சைக்கிளை எடுத்தார். கொஞ்ச நாளில் சைக்கிள் பாலசமுத்திரத்துக்குப் போய்விட்டது. தன் தம்பி பழனிக்குப் போய்ப் படிக்கிறான், அவனுக்குத் தேவைப்படுகிறது என்றார் மதினி. புகுந்த வீட்டுப் பொருளைப் பிறந்த வீட்டுக்குக் கடத்துகிறாள் என்று அதற்கும் ஒரு பேச்சு வந்தது. மதினி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் நடந்தார்.

அம்மா துக்கம் கொஞ்சம் ஆறி அடுப்படிக்கு வந்தபோது, பானையில் சாமைச்சோறு வெந்துகொண்டிருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் நெல்லுச்சோறு என்பது வசதியின் அடையாளம். காட்டில் பாடுபடுகிறவர்கள்தான் கம்பும் சாமையும் சாப்பிடுவார்கள். எங்கள் மண்டிக்கு வெங்காயம் விளைவித்துப் போடும் சம்சாரிகள்கூட, டவுனுக்கு வந்தால் ஒரு வாய் நெல்லுச்சோறு கிடைக்குமென்று எங்கள் வீட்டில் கை நனைப்பார்கள். அப்படிப்பட்ட வீட்டில் சாமையைப் பார்த்த அம்மா, மூன்று தலைமுறையாகச் சம்பாதித்த பெயரை ஒருத்தி பானையில் போட்டு வேகவைத்துவிட்டாள் என்று சித்தியிடம் சொல்லி அழுதாள். மதினி ஒரு வழி செய்தார். வருகிற விருந்தாளிக்கு நெல்லுச்சோறு, அண்ணனுக்கும் எனக்கும் சாமை. இதுவும் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. வந்தவனுக்கு அரிசி, வீட்டுப் பிள்ளைக்குப் பறவைத் தீனியா என்று கேட்டாள்.

அண்ணனுக்கு முப்பது வயது ஆகும் முன்பே ஒரு நாள் தலை சுற்றியது. டவுனில் ஒரு டாக்டரிடம் அண்ணன், மதினி, நான் மூன்று பேரும் போனோம். அவர் அண்ணனின் சிறுநீரைக் கண்ணாடிக் குழாயில் நீல மருந்தோடு கலந்து ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, கடைசியில் செங்கல் நிறத்தில் வந்து நின்றது. சர்க்கரை வியாதிதான் என்றார் டாக்டர். அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. சோற்றைக் குறைக்கவேண்டும், இனிப்பைத் தொடக்கூடாது, தினமும் நடக்கவேண்டும், காலில் புண் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, மதினியின் முகத்தில் மட்டும் ஒரு தெம்பு வந்தது. தனக்குள்ளேயே வைத்து மருகிக்கொண்டிருந்ததை இன்னொரு ஆள் வெளியே சொல்கிறாரே என்ற தெம்பு.

அதற்குப் பிறகு அண்ணன் வீட்டில் ஒழுங்காகத்தான் சாப்பிட்டார். வெளியில் ஓர் ஓட்டை இருந்தது. பேகம்பூரில் தோல் வியாபாரம் செய்த ஒரு பாய், அண்ணனோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். இரண்டு பேரும் ஒருவரையொருவர் மாப்ள என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மதியம் அண்ணனுக்கு அங்கே ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். திரும்பி வந்து பசியில்லை என்பார். சீரகச் சம்பாவும் கறியும் சேர்ந்த மணத்தை எந்தச் சோப்பு போட்டாலும் விரலிலிருந்து எடுக்கமுடியாது.  ஒரு சனிக்கிழமை மதினி என்னைக் கூட்டிக்கொண்டு ஜட்கா வண்டியில் நேராகப் பேகம்பூருக்குப் போனார்.

பெரிய சண்டை வரப்போகிறது என்று பயந்துகொண்டே போனேன். பாய் என்னை முன்னறையில் உட்காரவைத்தார். மதினி திரைக்குப் பின்னால் பாயம்மாவிடம் போய்விட்டார். உள்ளே முதலில் குசுகுசுவென்று பேச்சு கேட்டது. அப்புறம் சத்தமே இல்லை. பாயும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். திடீரென்று இரண்டு பெண்களும் சேர்ந்து சிரிக்கும் சத்தம். பாய்க்கும் அதே வியாதி என்பதும், பாயம்மா சீனி டப்பாவை எங்கே ஒளித்துவைத்தாலும் அவர் கண்டுபிடித்துவிடுகிறார் என்பதும் அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அதிலிருந்து ஏற்பாடு மாறியது. பிரியாணி நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு தடவை என்று ஆனது, அதுவும் சின்னத் தட்டில். மற்றபடி தினமும் விடியற்காலையில் பாய் பேகம்பூரிலிருந்து கிளம்பி வருவார். எங்கள் வாசலில் நின்று, "மாப்ள" என்று ஒரு குரல். இரண்டு பேரும் மலைக்கோட்டையைச் சுற்றி நடந்துவிட்டு வருவார்கள். யார் அந்த ஏற்பாட்டைச் செய்தது என்று இரண்டு ஆண்களுமே கடைசிவரை தெரியாதது போலத்தான் இருந்தார்கள்.

மதினி ருசி தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிடக்கூடாது. அவர் வைக்கிற கொள்ளு ரசத்துக்காகவே நான் மழைக்காலத்தை எதிர்பார்ப்பேன். சாப்பாட்டை அவர் வெறுக்கவில்லை. அதன் முன்னால் எங்கள் ஆண்கள் கை கட்டி நின்றதைத்தான் வெறுத்தார்.

எல்லாம் ஓரளவு சரியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அப்பாவின் தெவசம் வந்தது.

அப்பாவுக்குப் பிடித்ததையெல்லாம் செய்து படைப்பது வழக்கம். அந்த வருஷம் அம்மா அடுப்படியை முழுக்கத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். அதிரசம், பணியாரம், பாயசம், இரண்டு வகைக் குழம்பு என்று வீடு மணத்தது. உறவுக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். படையலிட்டுக் கும்பிட்டு முடித்ததும் பந்தி. அண்ணன் மூத்த பிள்ளை என்பதால் முதல் இலை அவருக்கு. அம்மாவே பரிமாறினாள்.

அண்ணன் முதலில் வேண்டாம் என்றார். அப்பா பேரைச் சொல்லிப் போடுவதை மறுக்கக்கூடாது என்றாள் அம்மா. சுற்றி இருந்தவர்களும் ஒரு நாள் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது என்றார்கள். இரண்டாம் தடவை சோறு விழுந்தது. அதிரசத்தின் மேல் அதிரசம். மதினி சுவரோரம் நின்று, "போதுங்க அத்தை" என்றார். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. பாயசம் இரண்டாம் தடவை வந்தபோது மறுபடி, "போதுங்க அத்தை" என்றார். அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். அது பசிக்கு உண்கிற முகமாக இல்லை. வெகுநாள் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவரைப் போல அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் தடவை அம்மா பாயசக் கரண்டியைச் சாய்க்கும்போது மதினி வந்து குனிந்தார். அண்ணனின் இலையைச் சோற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் வாரி எடுத்துவிட்டார். பாயசம் தரையில் ஊற்றியது. அண்ணனின் கை அந்தரத்தில் நின்றது.

சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளின் இலையை எடுப்பதை எங்கள் பக்கம் எந்தப் பகையாளியும் செய்யமாட்டான்.  மதினி இலையைக் கையில் ஏந்தியபடி அம்மாவைப் பார்த்துச் சொன்னார். குரல் உயரவே இல்லை.

"மாமாவுக்குப் படையல் போட்டாச்சுங்க அத்தை. இவருக்கும் இப்பவே போடோணுமா?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு, அதுவும் தெவச நாளில், படையல் என்று சொன்ன வாய் இனி இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்றாள். அண்ணன் எச்சில் கையோடு எழுந்து கொல்லைப்புறம் போனார். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. பிறகு என்னிடம், இலையை எடுத்ததைக்கூட மறந்துவிடுவேன், அந்தச் சொல்லைத்தான் மறக்கமுடியாது என்றார்.

மறுநாள் மதினியையும், அப்போது சிறு குழந்தையாக இருந்த அவருடைய மகளையும் பழனி பஸ்ஸில் ஏற்றிவிட நான்தான் போனேன். அவர் அழவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அண்ணனைச் செருப்பில்லாமல் நடக்க விடக்கூடாது, ராத்திரி காலைக் கழுவித் துடைத்துப் பார்க்கவேண்டும், பாய் வந்து கூப்பிட்டால் எழுப்பிவிடவேண்டும் என்று பஸ் நகரும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார்.

வீடு பழையபடி மணக்க ஆரம்பித்தது. அடுக்குத் தூக்கு மறுபடி மண்டிக்கு வந்தது. அண்ணனும் சந்தோஷமாகத்தான் இருந்தார், அல்லது அப்படிக் காட்டிக்கொண்டார். விடியற்காலையில் பாய் வந்து கூப்பிடுவார். உடம்பு அசதி என்று உள்ளேயிருந்தே பதில் போகும். சில வாரங்களில் பாய் கூப்பிடுவதையும் நிறுத்திவிட்டார். அண்ணனுக்குத் தாகம் அதிகமானது. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார். மண்டியில் சாக்குத் தைக்கிற கோணி ஊசி ஒன்று காலில் ஏறியிருந்தது. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. தரையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு நான்தான் சொன்னேன்.

அந்தப் புண் ஆறவில்லை. அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்து வைத்துக் கட்டினாள். சுண்டுவிரல் கறுத்துக்கொண்டு வந்தது. ஒரு நாள் காலை அம்மா கட்டைப் பிரிக்கும்போது சித்தி வாசல்படிக்கு வந்தார். அங்கேயே நின்றார். மூக்கில் அந்த வாடை பட்டதும் திரும்பிப் போய்விட்டார். சித்தப்பாவின் காலில் வந்த அதே வாடை. அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. பிரித்த துணியைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டர் பார்த்துவிட்டு உடனே மதுரைக்குக் கொண்டுபோகவேண்டும் என்றார். பாதத்தோடு எடுக்கவேண்டி வரலாம் என்றும் சொன்னார். நான் வண்டிக்கு ஏற்பாடு செய்யக் கிளம்பினேன். அம்மா தடுத்தாள். முதலில் என்னைப் பாலசமுத்திரத்துக்குக் கூட்டிக்கொண்டு போ என்றாள். பாயை அண்ணனோடு இருந்து வண்டிக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லிவிட்டு, நாங்கள் இருவரும் அடுத்த பஸ்ஸில் ஏறினோம். 

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மதினி வீட்டில் இல்லை, தோட்டத்துக்குப் போயிருந்தார். அவருடைய தாயார் எங்களை உட்காரவைத்து மோர் கொடுத்தார்.  கொஞ்ச நேரத்தில் மதினியின் தகப்பனார் காட்டிலிருந்து வந்தார். எழுபதைத் தாண்டிய மனிதர். மண்வெட்டியைச் சாத்திவிட்டு, "வாங்க சம்மந்தியம்மா" என்று அம்மாவைக் கும்பிட்டார். கால் கழுவிவிட்டுக் கம்மங்கூழுக்கு உட்கார்ந்தார். ஒரு வாய் குடித்ததும், உப்பு கூடிவிட்டது என்றார். உப்பு சரியாகத்தான் இருக்கிறது, உங்கள் நாக்குத்தான் கூடிவிட்டது என்றார் அவர் மனைவி. நாற்பது வருஷமாக இந்த உப்பைத்தான் தின்கிறேன், எனக்குத் தெரியாதா என்றார் இவர். அப்படியானால் நாளையிலிருந்து நீங்களே காய்ச்சிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. எங்களை மறந்து இரண்டு பேரும் அந்த உப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அவர் சிரித்துவிட்டு மிச்சத்தையும் குடித்தார். உரித்த சின்ன வெங்காயத்தை அவர் மனைவி ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினார்.

அம்மா கண் எடுக்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதில் வெள்ளை கட்டியவள் அவள். ஒரு கிழவனும் கிழவியும் கூழுக்குச் சண்டை போடுவதை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

மதினி கீரைக்கட்டோடு வந்தார். அம்மாவைக் கண்டதும் கீரையை இறக்கிவைத்துவிட்டு நின்றார். அம்மா எழுந்து அவரிடம் போனாள். மன்னிப்பு, வருத்தம் என்ற வார்த்தைகளெல்லாம் எங்கள் அம்மாவுக்கு வராது.

"நான் எங்க வீட்டுக்காரர்கிட்ட ஒரு நாளும் சண்டை போட்டதில்லத்தா. கேட்டதையெல்லாம் போட்டேன்" என்றாள். அப்புறம் மூச்சு வாங்கிக்கொண்டு, "நீ சண்டை போடு. வீட்டுக்கு வா" என்றாள்.

 மதினி என்னிடம் திரும்பி, "கால்ல புண்ணுங்களா தம்பி?" என்று கேட்டார். நான் தலையாட்டினேன்.  மகளைத் தாயாரிடம் விட்டுவிட்டு, மாற்றுச் சேலை ஒன்றும், ஒரு பை சாமையும் எடுத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குச் சாமை எதற்கு என்று நான் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் அம்மா மதினியின் தோளில் சாய்ந்து தூங்கினாள். அண்ணனுக்குப் புண் வந்த நாளிலிருந்து அவள் தூங்கியிருக்கவில்லை.

கட்டிலில் படுத்திருந்த அண்ணன் மதினியைப் பார்த்ததும், "இலையை எடுக்க வந்துட்டியா?" என்றார்.

"எடுக்கத்தானுங்க வந்தேன்" என்றார் மதினி. காலின் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, வண்டி வந்துவிட்டதா என்று கேட்டார்.

மதுரையில் சுண்டுவிரலை மட்டும் எடுத்தார்கள். பாதம் தப்பியது. ஊசியும் மருந்தும் கைதேர்ந்த டாக்டர்களும்தான் அன்றைக்கு அண்ணனைக் காப்பாற்றினார்கள். அதை மதினியே எல்லாரிடமும் சொல்வார். ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு கிடைத்த ஒவ்வொரு நாளும் அவர் கொடுத்தது. ஊசி போடுவதைக் கம்பவுண்டரிடம் கேட்டுப் பழகிக்கொண்டார். விரல் எடுத்த புண் ஆறியதும் பாய் மறுபடி வாசலில் வந்து நின்றார். முதல் நாள் தெருமுனை வரைதான் போனார்கள். அப்புறம் மெல்ல மெல்ல மலையைச் சுற்ற ஆரம்பித்தார்கள்.

அம்மா ஒரே நாளில் மாறிவிடவில்லை. சாமைச்சோற்றைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கடைசிவரை விடவில்லை. ஆனால் யாராவது வந்து உங்கள் மருமகள் கை குறுகினவளாமே என்று ஆரம்பித்தால், எழுந்து உள்ளே போய்விடுவாள். எனக்குக் கல்யாணம் ஆகி என் மனைவி வந்தபோது, பரிமாறுவதை மூத்தவளைப் பார்த்துப் பழகிக்கொள் என்று சொன்னதும் அம்மாதான்.

எனக்கும் அந்த வியாதி வராமல் இல்லை. எங்கள் ரத்தத்தில் இருப்பது அது. முப்பதில் வந்திருக்கவேண்டியது, ஐம்பதைத் தாண்டித்தான் வந்தது. வந்த பிறகும் இத்தனை வருஷம் கழித்து, இரண்டு காலோடும் நடந்துபோய்க் கடையில் காய்கறி வாங்கி வந்துவிட்டு, இதை உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். மதினி உயிரோடு இருந்தவரை அவரிடம் நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. மதினியிடம் யார் அப்படியெல்லாம் சொல்கிறார்கள்? சொல்லியிருந்தால், போய்க் கை கழுவிட்டு வாங்க தம்பி என்றுதான் சொல்லியிருப்பார்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு நாள். அப்பா இறந்த வயதை அண்ணன் அந்த வருஷம் தாண்டியிருந்தார். வீட்டில் எல்லாருக்கும் அது தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை. விடியற்காலை நடையை முடித்துவிட்டு வந்த அண்ணன், சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்து வியர்வை ஆற்றிக்கொண்டிருந்தார். அம்மா அந்தப் பக்கமாகப் போனவள் நின்றாள்.

"ஏலே, காதோரம் என்னது? சுண்ணாம்பு ஒட்டியிருக்கு" என்று முந்தானையால் துடைத்தாள். போகவில்லை. எச்சிலைத் தொட்டு இன்னும் அழுத்தித் துடைத்தாள். அப்புறம் குனிந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"ஏத்தா, இங்கிட்டு வா" என்று மதினியைக் கூப்பிட்டாள்.

மதினி ஈரக்கையோடு வந்து பார்த்தார். அம்மாவின் குரலைக் கேட்டுப் பெரியம்மாவும் சித்தியும் வந்தார்கள். நான்கு பெண்களும் அண்ணனின் தலையைச் சுற்றி நின்றார்கள். சித்தி விரலால் அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். கூச்சத்தில் அண்ணன் தலையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். மதினி அவர் நெற்றியில் கையை வைத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, அப்படியே பிடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கிக்கொண்டிருந்தது. துடைக்கக் கை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டு ஆண்களில் ஒருவருக்கு நரை விழுந்ததை அந்தப் பெண்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.